மின்பொம்மையும் பிள்ளை மனமும்



பிள்ளை இருக்கும் வீட்டில் பொம்மை இல்லாதிருப்பதில்லை. வசதி படைத்த வீட்டில் அது கடைப்பொம்மையாக இருக்கும்; வசதி குறைந்த வீட்டில் பழந்துணியைச் சுருட்டி, மையால் கண்ணும் மூக்கும் எழுதிய பொம்மையாக இருக்கும். அந்நாளில் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ரப்பர் விதைகளும் தேங்காய்ச் சிரட்டைகளுமே போதுமானவையாக இருந்தன. சிரட்டையில் மண்சோறு சமைத்துத் துணிப்பொம்மைக்கு ஊட்டிய சிறுமியர் இன்று பாட்டிமார்களாக நம்மிடையே வாழ்கின்றனர். அவர்களைக் கேட்டுப் பாருங்கள். அப்பொம்மைக்குத் தாங்கள் இட்ட பெயரை இன்றும் சொல்வார்கள்.

இன்றைய பிள்ளைகளின் பொம்மை வேறு. அது கைப்பேசியின் திரைக்குள் வாழ்கிறது. பசிக்கிறது என்கிறது, உறக்கம் வருகிறது என்கிறது, கவனியாமல் விட்டால் வாடுகிறது. அது வாடினால் நம் பிள்ளையும் வாடுகிறது. உயிரில்லாத ஒன்றின்மேல் பிள்ளைகள் வைக்கும் இப்பாசத்தை என்னவென்று கொள்வது? நகைத்து ஒதுக்குவதா? கண்டித்துத் தடுப்பதா? கண்டுங்காணாமல் இருந்துவிடுவதா? இக்கேள்வியைப் பெற்றோர்முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நாம் செய்த பிழை

பிறருக்கு அறிவுரை கூறுமுன் நம் பிழையை ஒப்புக்கொள்வதே முறை. எனவே பழைய நிகழ்ச்சியொன்றை முதலில் கூறிவிடுகிறோம்.

அது 1998ஆம் ஆண்டு. முட்டை வடிவிலான சிறு மின்பொம்மைகள் இரவுச் சந்தைகளில் சில வெள்ளிக்குக் கிடைத்த காலம். நாம் அப்போது பணியாற்றிய தோட்டப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவன் அத்தகைய பொம்மையொன்றைக் காற்சட்டைப் பையில் மறைத்து வைத்திருந்தான். கணிதப் பாடம் நடந்துகொண்டிருக்கையில் அது கீச்சிட்டது. வகுப்பே சிரித்தது. நாம் அதனை வாங்கி, மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினோம். அன்று வெள்ளிக்கிழமை.

"திங்கட்கிழமை வந்து வாங்கிக்கொள்" என்றோம்.

"திங்கட்கிழமைக்குள் அது செத்துப்போகும், ஐயா" என்றான் அவன்.

"செத்தால் சாகட்டும். அதற்கென்ன உயிரா இருக்கிறது?" என்று கூறி அவனை அனுப்பிவிட்டோம்.

திங்கட்கிழமை காலை இழுப்பறையைத் திறந்தபோது, திரையில் சிறகு முளைத்த சிற்றுருவம் ஒன்றுதான் இருந்தது. அவன் அதனைப் பார்த்தான். அழவில்லை. கைநீட்டி வாங்கவும் இல்லை. "நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், ஐயா" என்று சொல்லிவிட்டுத் தன் இடத்தில் போய் அமர்ந்தான். அதன்பின் பல நாள்வரை, நாம் கேட்கும் கேள்விகளுக்குத் தலையசைப்பதைத் தவிர அவனிடமிருந்து வேறு விடை கிடைக்கவில்லை.

பின்னர் அவன் தாயாரைச் சந்தித்தோம். அவர் செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்குபவர். பொழுது விடியுமுன்னரே வேலைக்குப் புறப்பட்டுவிடுவார். தந்தையார் லாரி ஓட்டுநர். வாரத்தில் பாதிநாள் வெளியூரில் இருப்பார். பள்ளி விட்டு வரும் பிள்ளைக்கு வீட்டில் துணை, காது கேளாத பாட்டி ஒருவரே. "அந்தப் பொம்மையை ஏன் இவ்வளவு விரும்பினான்?" என்று கேட்டோம். தாயார் சற்றுத் தயங்கிவிட்டுச் சொன்னார்: "அது ஒன்றுதான் என்னைக் கூப்பிடுகிறது என்பான், ஐயா."

அச்சொல்லை இன்றளவும் நம்மால் மறக்க இயலவில்லை. வகுப்பறையில் பொம்மை ஒலிக்கக்கூடாது என்ற விதி சரியான விதிதான். ஆயினும் அவன் சொன்னதைக் கேட்டு, பொம்மையை அன்று மாலையே திருப்பிக் கொடுத்திருக்கலாம். நாம் பூட்டி வைத்தது பொம்மையை மட்டுமன்று என்பது காலங்கடந்தே நமக்கு விளங்கியது.

பொம்மையின் வரலாறு

அப்பொம்மையைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்வது நலம். 'தமகோச்சி' என்னும் பெயருடன் 1996ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் ஜப்பானில் பண்டாய் நிறுவனம் அதனை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஜப்பானிய மொழியில் 'தமாகோ' என்றால் முட்டை. அதனோடு கைக்கடிகாரத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் ஜப்பானிய ஒலிப்பைச் சேர்த்து அப்பெயரை உருவாக்கினர். அகிஹிரோ யோகோய் என்பவரும் அகி மைத்தா என்னும் பெண்மணியும் அதனை ஆக்கியவர்களாக அறியப்படுகின்றனர்.

உள்ளங்கையில் அடங்கும் முட்டை, மூன்றே பொத்தான்கள், குறுக்கே 32, நெடுக்கே 16 என மொத்தம் 512 புள்ளிகளே கொண்ட கறுப்பு வெள்ளைத் திரை. வண்ணமில்லை, மென்மையான தோலில்லை, அணைத்துக்கொள்ள ஓர் உடலுமில்லை. திரையில் முட்டை பொரிந்து குஞ்சு வெளிவரும். பசித்தால் உணவு கொடுக்கவேண்டும். சலிப்புற்றால் விளையாட்டுக் காட்டவேண்டும். கழிவைத் துடைக்கவேண்டும். நோயுற்றால் மருந்து தரவேண்டும். அது உறங்கும்போது விளக்கை அணைக்கவேண்டும். நமக்கு ஒருநாள் கழிந்தால் அதற்கு ஓர் ஆண்டு வயதாகும். கவனியாது விட்டால் மாண்டுபோகும். சில வேளைகளில் தேவை எதுவுமின்றியே கூப்பிட்டு ஏமாற்றவும் செய்யும். அப்போது கண்டிக்க ஒரு பொத்தான் உண்டு!

இப்பொம்மை பல நாடுகளுக்கும் பரவியது. பிள்ளைகள் பாடத்தை விட்டு அதனையே கவனிக்கின்றனர் என்று பல நாட்டுப் பள்ளிகள் தடை விதித்தன. மக்களை முதலில் சிரிக்கவும் பின்னர்ச் சிந்திக்கவும் வைக்கும் செயல்களுக்கென வழங்கப்படும் 'இக் நோபல்' என்னும் வேடிக்கைப் பரிசு 1997இல் இவ்விருவருக்கும் பொருளாதாரத் துறையில் கிடைத்தது. பல இலட்சக்கணக்கான மனித உழைப்பு நேரத்தை இல்லாத பிராணியை வளர்ப்பதில் திருப்பிவிட்டமைக்காம்! 2017ஆம் ஆண்டிற்குள் எட்டுக் கோடிக்கும் அதிகமான தமகோச்சிகள் உலகெங்கும் விற்பனையாயின. போலிகளாக விற்றவை இக்கணக்கில் சேரா.

பாசம் பிறப்பது எங்ஙனம்?

512 புள்ளிகளின்மேல் ஒரு பிள்ளை உயிரையே வைப்பது எங்ஙனம்? அறிஞர் பலர் இதனை ஆராய்ந்துள்ளனர். அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்விக்கழகத்தைச் சேர்ந்த பேராசிரியை ஷெர்ரி டர்க்கிள், தமகோச்சியோடும் 1998இல் வெளிவந்த 'ஃபர்பி' என்னும் பேசும் பொம்மையோடும் பழகிய சிறுவர் பலரைப் பல ஆண்டுகள் கவனித்து, 2011இல் ஒரு நூலை வெளியிட்டார். அவர் கண்ட உண்மை இது: பொம்மை அழகாக இருப்பதால் மட்டும் பிள்ளையின் மனம் அதில் ஒட்டுவதில்லை. 'இதற்கு நான் தேவை' என்ற உணர்வே பிள்ளையைக் கட்டிப்போடுகிறது. ஒன்றைப் பேணப் பேண அதன்மேல் பாசம் வளர்கிறது.

தாய்மார்களுக்கு இது புதிய செய்தியன்று. தொட்டிலில் கிடக்கும் சிசு தாய்க்கு எதனைத் தருகிறது? இரவுத் தூக்கத்தை அன்றோ கெடுக்கிறது! ஆயினும் எழுந்து எழுந்து பார்ப்பதனாலேயே பாசம் பெருகுகிறது. பிள்ளையும் அவ்வாறே தன் பொம்மையிடம் தாயாகிறது.

டொனால்டு வினிகாட் என்னும் ஆங்கிலக் குழந்தை மருத்துவர், குழந்தைகள் கைவிடாமல் பற்றிக்கொள்ளும் போர்வைத் துண்டையும் துணிப்பொம்மையையும் பற்றி 1950களிலேயே எழுதினார். தாயைப் பிரிந்து தனியே நிற்கப் பழகும் குழந்தைக்கு அவை இடையில் ஒரு பாலமாக உதவுகின்றன என்றும், அவை மெய்யா பொய்யா என்று பெரியவர்கள் குழந்தையிடம் வழக்காடுதல் தகாது என்றும் அவர் கருதினார். "அதற்கென்ன உயிரா இருக்கிறது?" என்ற நமது கேள்வி, அவர் கேட்கக்கூடாது என்று விலக்கிய கேள்வியேயாகும்.

நம் முன்னோர் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். நற்றிணையில் ஓர் இனிய காட்சி வருகிறது. தோழியரோடு விளையாடிய சிறுமி, வெண்மணலில் புன்னை விதையொன்றை அழுத்தி வைத்துவிட்டு மறந்துபோகிறாள். அது முளைவிடுகிறது. நெய்யும் பாலும் ஊற்றி அதனை வளர்க்கிறாள். அவள் தாய் அதனைக் கண்டு நகைக்கவில்லை. அப்புன்னை உனக்குத் தங்கையாகும் என்கிறாள். அச்சிறுமி வளர்ந்து மங்கையான பின்னும், அம்மரத்தின் நிழலில் காதலனோடு நகைத்துப் பேச நாணுகிறாள். தங்கை அருகில் நிற்கிறாளே! பிள்ளையின் அன்பைப் பொய்யென்று தள்ளாத ஒரு தாய், ஒரு மரத்தையே குடும்பத்தில் சேர்த்துவிட்டாள்.

எனவே பிள்ளையின் பாசம் உண்மையானது. பொம்மையின் உயிர்தான் பொய்யானது. இவ்விரண்டையும் பிரித்துப் பார்ப்பது பெரியவர்களின் கடமையாகும்.

பெரியவர்கள் மட்டும் விலக்கா?

பிள்ளைகள்தாம் ஏமாறுகின்றனர் என்று எண்ணிவிட வேண்டா. 1966இல் ஜோசப் வைசன்பாம் என்னும் எம்.ஐ.டி. பேராசிரியர் 'எலிசா' என்ற கணினி நிரல் ஒன்றை வெளியிட்டார். நாம் தட்டச்சு செய்யும் சொற்களையே சற்று மாற்றி நம்மிடம் கேள்வியாகத் திருப்பிக் கேட்பதுதான் அதன் வேலை. அவர் அதனை உருவாக்கியதை மாதக்கணக்கில் உடனிருந்து பார்த்த அவருடைய செயலாளரே, ஒருநாள் அதனோடு உரையாடத் தொடங்கிச் சிறிது நேரத்தில், தம்மைத் தனியே விட்டு அறையிலிருந்து வெளியேறுமாறு பேராசிரியரைக் கேட்டுக்கொண்டார்! இதனை வைசன்பாமே 1976இல் எழுதிய நூலில் குறித்துள்ளார்.

ஃபர்பிப் பொம்மையின் கதையும் இத்தகையதே. நாளடைவில் அது கூடுதலாகப் பேசும்படி முன்கூட்டியே அமைத்திருந்தனர். நாம் பேசுவதைக் கேட்டுத்தான் அது கற்றுக்கொள்கிறது என்று பலரும் நம்பினர். நம் பேச்சைப் பதிவு செய்யும் ஆற்றலே அதற்கில்லை. ஆயினும் அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை, அது இரகசியங்களை ஒட்டுக்கேட்கும் என்றஞ்சி, தன் அலுவலகங்களுக்குள் அதனைக் கொண்டுவரத் தடைவிதித்த செய்தி 1999 ஜனவரியில் வெளிவந்தது. பெரிய நாட்டின் பெரிய அதிகாரிகளே பொம்மைக்குக் காதுண்டு என்று நம்பினர் எனில், எட்டு வயதுப் பிள்ளை அதற்குப் பசியுண்டு என்று நம்புவதில் வியப்பென்ன?

கவலைக்குரியவை எவை?

பாசம் தவறன்று என்றோம். ஆயின் இத்தகைய பொம்மைகளால் தீங்கே இல்லையா? உண்டு. அவற்றுள் சிலவற்றை இங்குக் காண்போம்.

முதலாவது, இப்பொம்மையின் உயிர் பிள்ளையின் கையில் இல்லை. விற்ற நிறுவனத்தின் கையில் இருக்கிறது. துணிப்பொம்மை கிழிந்தால் தாய் தைத்துக் கொடுப்பாள். மின்பொம்மையை அவள் என்ன செய்ய இயலும்? ஜப்பானின் சோனி நிறுவனம் 1999இல் 'அய்போ' என்னும் இயந்திர நாயை விற்றது. 2006இல் உற்பத்தியை நிறுத்தியது. 2014இல் பழுதுபார்ப்பதையும் நிறுத்தியது. வளர்த்தவர்கள் தவித்தனர். சிபா மாநிலத்தின் இசுமி நகரிலுள்ள கோஃபுக்குஜி என்னும் பௌத்தக் கோயிலில், செயலிழந்த அந்நாய்களை வரிசையாக வைத்து 2015 முதல் ஈமச்சடங்கு நடத்தினர். அங்குப் புத்த பிக்குகள் மந்திரம் ஓதினர்.

அண்மைச் செய்தி இன்னும் வருத்தத்திற்குரியது. அமெரிக்காவில் 'மோக்சி' என்னும் பேசும் இயந்திரத் தோழனை 5 முதல் 10 வயது வரையிலான சிறுவர்களுக்கென்று 799 டாலர் விலையில் விற்றனர். அதன் பேச்சு நிறுவனத்தின் கணினிகளிலிருந்தே வந்தது. 2024 டிசம்பரில் நிறுவனம் பணமின்றி மூடப்படும் நிலைக்கு வந்து, மோக்சியின் பேச்சும் நின்றுவிடும் என்று அறிவித்தது. பிள்ளைகளிடம் இதனை எவ்வாறு சொல்வது என்று பெற்றோர்க்கு ஒரு கடிதமும் எழுதியது. கடையை மூடுவது வணிகர்க்கு ஒரு கணக்கு முடிப்பு. பிள்ளைக்கோ அது தோழனின் மரணம்.

இரண்டாவது, சில பொம்மைகள் மெய்யாகவே ஒட்டுக்கேட்கின்றன. பிள்ளை பேசுவதை இணையத்தின்வழி எங்கோ அனுப்புகின்றன. 'கைலா' என்னும் பேசும் பொம்மையை 2017 பிப்ரவரியில் ஜெர்மனி அரசு தடைசெய்தது; ஒலிவாங்கியை மறைத்து வைத்த ஒற்றுக் கருவியாகவே அதனைக் கருதியது. பிள்ளை தன் பொம்மையிடம் மட்டுமே சொல்லும் மனத்துயரைப் பிறர் கேட்பது தகுமா?

மூன்றாவது காரணமே நம் நெஞ்சை மிகவும் உறுத்துகிறது. இதனைச் சற்று விரித்துரைக்க விரும்புகிறோம்.

மணி அடிப்பதும் அடியாததும்

மின்பொம்மை பிள்ளைக்குப் பொறுப்பைக் கற்றுத் தருகிறது என்று கூறுவாருளர். நேரத்திற்கு உணவிடவும் துப்புரவு செய்யவும் பிள்ளை பழகுகிறதே என்பர். அதில் ஓரளவு உண்மையுண்டு, மறுப்பதற்கில்லை. நோயாலோ வேறு காரணத்தாலோ பிராணி வளர்க்க இயலாத பிள்ளைக்கு அது ஓர் ஆறுதலாகவும் அமையலாம்.

ஆயின் அப்பொறுப்பு எத்தகையது? பொம்மை மணி அடிக்கிறது, பிள்ளை ஓடுகிறது. மணி அடியாதபோது அதன் நினைவே எழுவதில்லை. உலகில் நம் அன்புக்குக் காத்திருக்கும் உயிர்களோ பெரும்பாலும் மணி அடிப்பதில்லை. வாடிய செடி கூவுவதில்லை. நீர் கெட்ட தொட்டியில் மீன் கத்துவதில்லை. பசித்திருக்கும் பாட்டியும் வாய்திறந்து கேட்பதில்லை. வேலை முடிந்து இடுப்பொடிந்து வரும் தாய் "எனக்கு ஒரு குவளை நீர் கொடு" என்று கீச்சொலி எழுப்புவதில்லை. கூப்பிட்டால் மட்டும் ஓடப் பழகிய பிள்ளைக்கு, கூப்பிடாதவர்களின் முகத்தைப் பார்த்தறியும் பழக்கம் எப்போது வரும்?

நம் பாட நூல்களில் படித்த கதைகளை நினைத்துப் பாருங்கள். மனுநீதிச் சோழன் அரண்மனை வாயிலில் ஆராய்ச்சி மணியைக் கட்டினான். கன்றை இழந்த பசு அதனை அடித்தது, மன்னன் எழுந்து வந்தான், நீதி கிடைத்தது. அது நீதி. ஆனால் பறம்புமலைப் பாரியின் முல்லைக்கொடி மணி அடித்ததா? பற்றிப் படரக் கொம்பின்றி அது காற்றில் அலைந்தது, பாரி கண்டான், தேரை விட்டு நடந்தான். பேகனின் மயில் மணி அடித்ததா? தோகை விரித்து நின்ற மயில் குளிரால் நடுங்குவதாக எண்ணித் தன் போர்வையைப் போர்த்தினான். மயிலுக்குப் போர்வை எதற்கென்று நாம் நகைக்கலாம். ஆயினும் கேளாமலே கொடுத்தமையாலன்றோ அவர்களை வள்ளல்கள் என்று இன்றும் போற்றுகிறோம்! கேட்டபின் கொடுப்பது நீதி. கேளாமலே கண்டறிந்து கொடுப்பது அருள். மின்பொம்மை தன்னால் இயன்ற அளவு முன்னதைக் கற்பிக்கலாம். பின்னதைக் கற்பிக்க அதனால் இயலாது.

மீன்தொட்டி கற்பித்த பாடம்

அந்நாளில் தோட்டத்து லயங்களில் வாழ்ந்த பிள்ளைகளுக்கு இப்பாடத்தைத் தனியே கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. வீட்டுக்குப் பின்னால் கோழிக்கூடு இருந்தது. சிலர் ஆடும் மாடும் வளர்த்தனர். மாலையில் கோழியைக் கூட்டில் அடைத்து எண்ணிப் பார்ப்பது பிள்ளையின் வேலை. ஒன்று குறைந்தால் இருட்டில் விளக்கெடுத்துத் தேடுவதும் அதன் வேலையே. அடைகாக்கும் கோழியின் முட்டைகள் பொரிய ஏறத்தாழ 21 நாள் காத்திருக்கவேண்டும். எந்தப் பொத்தானை அழுத்தியும் அதனை விரைவுபடுத்த இயலாது.

இன்று நிலைமை மாறிவிட்டது. பல குடும்பங்கள் தோட்டத்தை விட்டு நகரத்து அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்துவிட்டன. அங்குக் கோழி வளர்க்க இடமேது? மெய்யான முட்டை கைவிட்டுப் போன இடத்தில்தான் மின்முட்டை வந்து அமர்ந்தது. அது பிள்ளைகளின் குற்றமன்று.

நமது பிழையை உணர்ந்தபின், அப்பள்ளியில் வகுப்பறையின் மூலையில் ஒரு கண்ணாடித் தொட்டியை வைத்தோம். பள்ளியருகே ஓடிய கால்வாயில் மாணவர்களே கப்பி மீன்களைப் பிடித்து வந்தனர். தொட்டியைக் கவனிக்கும் பொறுப்பை, நம்மிடம் பேசாதிருந்த அம்மாணவனிடம் ஒப்படைத்தோம். முதல் வாரத்திலேயே மீன்கள் சில மாண்டன. அன்பு மிகுதியால் வகுப்பிலுள்ள ஒவ்வொருவரும் உணவைக் கொட்டிக்கொண்டே இருந்தனர். மிஞ்சியது அழுகி நீர் கெட்டுவிட்டது. அன்றுதான் அவன் நெடுநாள் கழித்து நம்மிடம் வாய்திறந்தான்.

"போதும் என்று அவை சொல்லவே இல்லையே, ஐயா!" என்றான்.

"அவை சொல்லமாட்டா. நாம்தான் பார்க்கவேண்டும்" என்றோம்.

அதன்பின் அவன் பார்க்கலானான். ஒருநாள் காலை ஓடிவந்து, "மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன, ஐயா. தண்ணீரை மாற்றவேண்டும்" என்றான். அதனை அவனுக்கு யாரும் கற்பிக்கவில்லை. எந்த மணியும் அடிக்கவில்லை. ஆண்டு முடிவில் அவன் தாயார் பள்ளிக்கு வந்தபோது, பாட்டியின் வெந்நீர்க் குடுவையில் நீர் இருக்கிறதா என்று பள்ளிவிட்டு வந்ததும் அவனே எடுத்துப் பார்க்கிறான் என்று கூறினார். இதற்கு மீன்தொட்டியே காரணம் என்று நாம் உரிமை கொண்டாடவில்லை. ஓராண்டு வளர்ந்ததும் காரணமாக இருக்கலாம். கேட்க மகிழ்ச்சியாக இருந்தது என்பது மட்டும் உண்மை.

வேண்டுகோள்

பெற்றோர்களே! பிள்ளை தன் மின்பொம்மைக்காக அழுதால் நகைக்காதீர்கள். பிறர்முன் சொல்லிக் கேலி செய்யாதீர்கள். "என்ன நேர்ந்தது?" என்று கேளுங்கள். அழுகை பொம்மைக்காக இருக்கலாம். அழுகின்ற நெஞ்சு உங்கள் பிள்ளையின் நெஞ்சு.

பொம்மையோ செயலியோ வாங்குமுன் மூன்று செய்திகளைப் பாருங்கள். அதனை நிறுத்தி வைத்துவிட்டுப் பின்னர்த் தொடர இயலுமா? இயலாதெனில் அது பிள்ளையின் உறக்கத்தையும் பாடத்தையும் தின்றுவிடும். அது மேலும் மேலும் காசு கேட்கிறதா? பிள்ளையின் பேச்சைக் கேட்டு எங்கேனும் அனுப்புகிறதா? ஐயம் இருந்தால் வகுப்பாசிரியரிடம் கேளுங்கள். கேட்பதில் குறைவொன்றும் இல்லை.

வேலைக்குச் செல்லும் பெற்றோரின் இடர் நாம் அறியாததன்று. இருளில் புறப்பட்டு மாலையில் திரும்பும் உங்களிடம் பிள்ளையோடு நாள் முழுதும் இருங்கள் என்று சொல்வது எளிது, செய்வது அரிது. நாம் கேட்பது அதுவன்று. நாளொன்றுக்குச் சிறிது நேரமேனும் பிள்ளையின் பெயரைச் சொல்லி நீங்களே கூப்பிடுங்கள். ஏவுவதற்காகவோ ஏசுவதற்காகவோ கூப்பிடவேண்டா. அருகில் இருத்தி, "இன்று என்ன நடந்தது?" என்று கேட்பதற்காகக் கூப்பிடுங்கள். தன்னைக் கூப்பிடுவது பொம்மை ஒன்றுதான் என்று எந்தப் பிள்ளையும் சொல்லும்படி விடலாகாது.

அத்துடன் வீட்டில் ஓர் உயிரைப் பிள்ளையின் பொறுப்பில் ஒப்படையுங்கள். கோழிக்கு இடமில்லையேல் மீன் போதும். மீனுக்கும் வழியில்லையேல் பழைய தகரப் பெட்டியில் ஒரு கறிவேப்பிலைச் செடி போதும். அது வாடினால் வாடட்டும். பட்டுப்போனால் பிள்ளை வருந்தட்டும். அவ்வருத்தத்தின்போது அருகில் இருங்கள். அடுத்த செடியை இருவரும் சேர்ந்து நடுங்கள்.

ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு சொல். வகுப்பில் விளையாட்டுப் பொருளைப் பறிமுதல் செய்யும் உரிமை நமக்குண்டு. பறித்த பின்னர், அதனை ஏன் கொண்டு வந்தாய் என்று கேட்கும் கடமையும் நமக்குண்டு.

மாணவச் செல்வங்களே! உங்கள் திரைக்குள் வாழும் செல்லப்பிராணியை நேசிப்பதில் தவறில்லை. அதற்கு உணவு கொடுத்து முடித்தபின் ஒருமுறை தலையை நிமிர்த்திப் பாருங்கள். உங்கள் வீட்டில் மணி அடிக்காமலே உங்களுக்காகக் காத்திருப்பவர் யாரேனும் இருக்கக்கூடும். ஒரு குவளை நீரை எடுத்துக்கொண்டு அவரிடம் செல்லுங்கள்.

வாழ்க பிள்ளைச் செல்வம்! வளர்க அன்புள்ளம்!